"ஆகஸ்டில் வாருங்கள்" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஓக்லண்டில் ஒரு நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே வந்துகொண்டிருந்த கறுப்பினப் பையன் ஒருவனுக்கு இப்போது 17 வயது. பத்தாம் வகுப்பை முடித்து, பதினொன்று தொடங்கிய செப்டம்பரில் கைதானான். ஐந்து மாதம் ஜூவனைல் ஹாலில் (சிறார் காவல் இல்லத்தில்) இருந்துவிட்டு இந்த வாரம்தான் பாட்டி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான். காலில் ஜிபிஎஸ் பட்டை. பழைய பள்ளிக்குப் போனால், "செமஸ்டர் தொடங்கி நாளாகிவிட்டது, ஆகஸ்டில் வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாட்டி அதை என்னிடம் காட்டினார். என்ன சொல்லட்டும்? கணக்கைத் தவிர இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. அவனிடம் எப்படிப் பேசுவது என்றுகூடத் தெரியவில்லை.

பதில்:

பாட்டி இன்னும் கையெழுத்துப் போடவில்லையே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டிலிருந்து படிக்கும் திட்டத்துக்குக் கலிஃபோர்னியாவில் 'இன்டிபென்டன்ட் ஸ்டடி' என்று பெயர். அதில் சேர்வது முழுக்க விருப்பத்தின் பேரில்தான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியரைப் பார்ப்பது, ஒரு கட்டுத் தாளை வாங்கி வருவது, எழுதித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் பல இடங்களில் அதன் நடைமுறை. தானாகவே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது சரி. ஐந்து மாதம் கதவு திறப்பதற்குக்கூட ஆள் வைத்திருந்த இடத்திலிருந்து வந்தவனுக்கு மூன்றாவது வாரமே கட்டு பிரிக்கப்படாமல் கிடக்கும். அப்புறம் "வரவில்லை" என்று பதிவாகும். பள்ளிக்குப் போக வேண்டும் என்பது பெரும்பாலும் ப்ரொபேஷன் (நீதிமன்றக் கண்காணிப்பு) நிபந்தனைகளில் ஒன்று. ஆக, அந்தப் பதிவு நேராக நீதிமன்றம்வரை போகும்.

"ஆகஸ்டில் வாருங்கள்" என்பதும் சட்டப்படி ஒரு பதிலே அல்ல. கலிஃபோர்னியாவில் 18 வயதுவரை கல்வி கட்டாயம். சிறார் நீதி அமைப்போடு தொடர்பு இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவனைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று மாநிலக் கல்விச் சட்டத்தின் 48645.5ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதே பிரிவு, உள்ளே படித்ததற்கான கிரெடிட்டுகளை (பாடம் முடித்ததற்குத் தரும் புள்ளிகளை), அவை முழுமையாக இல்லாவிட்டாலும், வெளியே உள்ள பள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளி முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "இவனை இன்று சேர்க்க முடியாது என்பதையும் அதற்கான காரணத்தையும் ஒரு மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா?" என்று தணிந்த குரலில் கேட்டாலே பெரும்பாலும் உள்ளே போய் வேறு ஒருவரைக் கூட்டி வருவார்கள்.

ஆனால் கேட்க வேண்டியது நீங்கள் அல்ல, பாட்டி. நீங்கள் யாரும் அல்லர் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனம் நோகச் சொல்லவில்லை, பள்ளி அலுவலகம் உங்களை அப்படித்தான் பார்க்கும். பாட்டிக்கு நீதிமன்றம் தந்த பாதுகாவலர் உரிமை இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 'கேர்கிவர் அஃபிடவிட்' என்று ஒரு பக்கப் படிவம் உண்டு. பேரன் தன்னோடு வசிக்கிறான் என்று அவர் உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டால் போதும். நோட்டரி வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், கட்டணமும் இல்லை. முதல் நான்கு வரிசைகளை நிரப்பினால் பள்ளியில் சேர்க்கலாம். ஐந்து முதல் எட்டுவரையும் நிரப்பினால் மருத்துவரிடம் காட்டவும் அதுவே செல்லும். எட்டையும் நிரப்பிவிடச் சொல்லுங்கள். கூடவே, அவனுடைய பள்ளிப் பதிவேடுகளை நீங்கள் பார்க்கலாம் என்று பாட்டியிடம் ஓர் ஒப்புதல் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அவனுக்கு 18 முடிந்ததும் அந்த உரிமை அவனுக்கே வந்துவிடும், அப்போது கடிதத்தில் அவன் கையெழுத்து வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடம் மாறிப்போகிறார்கள். ஜூவனைல் ஹாலுக்குள் இருக்கும் பள்ளியை ஓக்லண்ட் பள்ளி மாவட்டம் நடத்துவதில்லை, அலமீடா கவுன்ட்டியின் கல்வி அலுவலகம் நடத்துகிறது. அதனால் பழைய பள்ளியின் கணினியில் அவன் செப்டம்பரோடு நின்றுபோயிருப்பான். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது படித்த பாடங்களும் பெற்ற கிரெடிட்டுகளும் உள்ள பதிவை, கவுன்ட்டி கல்வி அலுவலகத்திடம் கேட்க வேண்டும். தொடர்ச்சியாக 20 பள்ளி நாட்களுக்கு மேல் உள்ளே இருந்த ஒவ்வொரு மாணவனுக்கும் வெளியேறும் முன் தனித்தனியாக ஒரு 'டிரான்சிஷன் பிளான்' (வெளியே வந்து படிப்பைத் தொடர்வதற்கான திட்டம்) போட்டிருக்க வேண்டும். அவன் இருந்தது ஐந்து மாதம், எனவே அப்படி ஒன்று இருந்தாக வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட், அந்தத் திட்டம், தடுப்பூசிப் பதிவு, சிறப்புக் கல்வி பெற்றவனாக இருந்தால் ஐஇபி எனும் தனிநபர் கல்வித் திட்டம், இவ்வளவையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் தேதிக்குச் சாட்சி இருக்காது.

ஐஇபி பற்றிப் பாட்டியிடம் தனியாக விசாரியுங்கள். "சின்ன வயதில் அவனைத் தனி வகுப்புக்கு அழைத்துப் போனார்களா? பேச்சுப் பயிற்சி ஏதாவது உண்டா?" என்று கேட்டால் நினைவு வரும். இருந்திருந்தால் புதிய பள்ளி அதற்கு இணையான உதவியை உடனே தந்து, 30 நாட்களுக்குள் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இருந்ததில்லை, ஆனால் உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றால், பாட்டி எழுத்தில் பரிசோதனை கேட்கலாம். 15 நாட்களில் பள்ளி ஒரு திட்டத்தைத் தர வேண்டும், அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பின் 60 நாட்களில் கூட்டம் நடக்க வேண்டும்.

இனி உங்கள் பாடம். டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு பாடம், ஒரு செமஸ்டர், ஐந்து கிரெடிட். பள்ளி மாவட்டங்கள் பள்ளியிறுதிப் பட்டயத்துக்கு 200, 220 என்று கேட்கும். ஆனால் மாநிலத்தின் குறைந்தபட்சம் 13 ஆண்டுப் பாடங்கள்தான்: ஆங்கிலம் 3, கணக்கு 2, அறிவியல் 2, சமூகவியல் (வரலாறு, அரசு, பொருளாதாரம் போன்றவை) 3, கலை அல்லது மொழி அல்லது தொழில் 1, உடற்பயிற்சி 2. ஒன்றுக்குப் பத்து என்று வைத்தால் 130 கிரெடிட். உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டை முடித்த பிறகு பள்ளி மாறுகிற, சிறார் நீதிமன்றப் பள்ளியில் (ஜூவனைல் ஹாலுக்குள் இருப்பது போன்ற பள்ளியில்) படித்த மாணவனுக்கு, மாவட்டம் தன் பங்குக்குச் சேர்த்த கூடுதல் பாடங்களிலிருந்து விலக்கு உண்டு. நான்காம் ஆண்டு முடிவதற்குள் அவன் எல்லாவற்றையும் முடித்துவிட முடியும் என்று மாவட்டம் கருதினால் மட்டும் விலக்கு இல்லை. இதைச் சொல்வது அதே சட்டத்தின் 51225.1ஆம் பிரிவு. அவன் சேர்ந்த 30 நாட்களுக்குள் பள்ளியே இதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க மறந்தாலும் உரிமை போகாது, ஆனால் கேட்காமல் கிடைப்பது அபூர்வம்.

கணக்கு எப்படித் தப்பாகிறது என்று பாருங்கள். ஒரு மாணவனின் டிரான்ஸ்கிரிப்டின் அடியில் மொத்தம் 95 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். "130இல் 95 போனால் 35, ஒரு செமஸ்டர்தான்" என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். பாடவாரியாகப் பிரியுங்கள். ஆங்கிலம் 15, கணக்கு 10, அறிவியல் 10, சமூகவியல் 10, கலை 10, உடற்பயிற்சி 15. கூட்டினால் 70தான். மீதி 25 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்ற பெட்டியில் தூங்குகிறது, அது எந்தக் குழியையும் நிரப்பாது. உள்ளே எடுத்த ஆங்கில வகுப்பைக்கூடச் சில சமயம் இந்தப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அப்படி இருந்தால் பாடத்தின் பெயரைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

ஆக, மிச்சம் 60: ஆங்கிலம் 15, கணக்கு 10, அறிவியல் 10, சமூகவியல் 20, உடற்பயிற்சி 5. ஒரு செமஸ்டருக்கு ஆறு வகுப்பு, 30 கிரெடிட். இரண்டு செமஸ்டரில் முடியும், ஆனால் வரிசை முக்கியம். முதல் செமஸ்டரில் ஆங்கிலம் இரண்டு, சமூகவியல் இரண்டு, கணக்கு ஒன்று, அறிவியல் ஒன்று. அடுத்ததில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் இரண்டு, உடற்பயிற்சி. ஒரே செமஸ்டரில் இரண்டு ஆங்கிலம் வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லாவிட்டால், கால அட்டவணை போடும் கணினி அவனுக்கு ஒரு ஆங்கிலத்தையும் ஒரு ஓவிய வகுப்பையும் கொடுத்துவிடும். ஜூன் மாதத்தில் பட்டயம் ஐந்து கிரெடிட்டில் கைநழுவுவது இப்படித்தான்.

இந்தச் செமஸ்டரின் மிச்ச வாரங்களும் வீணாகாது, பாதி வகுப்புக்குப் பாதி கிரெடிட் உண்டு. ஆகஸ்டுவரை காத்திருக்கக் கூடாது என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே பாதியில் விட்ட பாடத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லவும் முடியாது. விட்ட இடத்திலிருந்து முடிக்க வைக்க வேண்டும்.

சமூகவியல் 20 பெரிய சுமையாகத் தெரிந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஓக்லண்டின் லேனி, மெரிட் போன்ற சமுதாயக் கல்லூரிகளில் பள்ளி மாணவர்களும் பாடம் எடுக்கலாம். மூன்று யூனிட் கொண்ட ஒரு செமஸ்டர் பாடம் பள்ளியில் பத்து கிரெடிட்டுக்குச் சமம். எந்தப் பெட்டியில் அந்தப் பத்து விழும் என்பதைச் சேர்வதற்கு முன்பே பள்ளியின் கவுன்சலரிடம் (மாணவர் ஆலோசகரிடம்) எழுத்தில் வாங்கிவிடுங்கள். தோற்றால் அந்த மதிப்பெண் கல்லூரிப் பதிவிலும் நிற்கும் என்பதால் முதல் செமஸ்டரிலேயே இதைத் தொட வேண்டாம்.

130இல் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்காமல் அவனிடம் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் மாநிலப் பல்கலைக்கழகமும் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் 'ஏ முதல் ஜி' பாடத்தொகுப்பை இது நிறைவு செய்யாது. சமுதாயக் கல்லூரிக்குப் போய் அங்கிருந்து மாறிச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது. விலக்கை ஏற்பதா, வேண்டாம் என்று முழுப் பாடத்தையும் படிப்பதா, ஐந்தாம் ஆண்டு எடுத்துக்கொள்வதா என்பது அவனும் பாட்டியும் எடுக்க வேண்டிய முடிவு. பள்ளி அவர்களுக்காக முடிவெடுக்கக் கூடாது, நீங்களும்தான்.

எந்தப் பள்ளி? பழைய பள்ளிக்குத் திரும்ப அவனுக்கு உரிமை இருந்தாலும், திரும்பலாமா என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும். எந்தத் தெருவைத் தாண்டிப் போவது, எந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கக் கூடாது என்பது கவுன்சலருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். 16 வயது நிரம்பியவர்களுக்கான கன்டினியூவேஷன் பள்ளிகளை இளக்காரமாக நினைக்காதீர்கள். வாரத்துக்கு 15 மணி நேரம்தான் குறைந்தபட்சம், முடித்த அளவுக்கு உடனுக்குடன் கிரெடிட் ஏறும், வகுப்பும் சிறிது. கிரெடிட் பின்தங்கியவனுக்கு அது நல்ல இடமாக இருக்கலாம். விலக்கித் தள்ளும் இடமாக அதைப் பயன்படுத்துவதுதான் தவறு. கைதுக்கு முன்போ பின்போ பள்ளி அவனை முறைப்படி வெளியேற்றியதா என்றும் பாட்டியிடம் கேட்டுவிடுங்கள். வெளியேற்ற உத்தரவு இருந்தால் அதோடு ஒரு மறுவாழ்வுத் திட்டமும் மறுசேர்க்கைத் தேதியும் இருக்கும். அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் மேலே நகர முடியாது.

காலில் உள்ள பட்டை சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் முதல் மாதத்தில் கிளம்பும் சிக்கல்களில் பல அதிலிருந்துதான் வருகின்றன. தினமும் ஓரிரு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும், ஏற்றும்போது சுவரோரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இரவு மறந்து தூங்கிவிட்டால் காலை மூன்றாவது வகுப்பில் அது அதிரும் அல்லது ஒலிக்கும். முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவன் எழுந்து வெளியே போவான், ஆசிரியர் "அனுமதியின்றி வெளியேறினான்" என்று எழுதுவார். இதற்கு வழி: படுக்கப் போவதற்கு முன்பு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சார்ஜ் போடும் பழக்கம், பள்ளியில் கவுன்சலர் அறையில் ஒரு பிளக், வெளியே போவதற்கு ஆசிரியரோடு முன்பே பேசிவைத்த ஒரு சைகை. அடுத்து, பள்ளிக்குப் போய்வரும் பாதையும் நேரமும் ப்ரொபேஷன் அதிகாரியின் அட்டவணையில் இருக்க வேண்டும். பேருந்து இருபது நிமிடம் தாமதமானால் என்ன ஆகும், யாருக்கு அழைக்க வேண்டும் என்பதை முதல் நாளே கேளுங்கள். நீதிமன்றத் தேதிகளைப் பள்ளிக்கு முன்கூட்டியே கொடுத்தால் அந்த நாட்கள் அனுமதி பெற்ற விடுப்பாகும்.

யாரிடமெல்லாம் சொல்வது? மிகக் குறைவானவர்களிடம். சிறார் வழக்கு விவரங்கள் இரகசியமானவை. சில குற்றங்களில் நீதிமன்றமே மாவட்டத்துக்குத் தெரிவிக்கும், அந்தத் தகவலும் அங்கிருந்து வெளியே கசியக் கூடாது. என்ன வழக்கு என்று நீங்கள் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னாலும் பள்ளி மின்னஞ்சலில் எழுதாதீர்கள். சக மாணவர்கள் "இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்று கேட்கத்தான் போகிறார்கள். அதற்கு அவனே ஒரு வரி தேர்ந்தெடுத்து வைத்திருக்கட்டும்.

ஆசிரியர்களில் ஒருவரை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓக்லண்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2021இல் வெளியானது. சிறார் காவலிலிருந்து பள்ளிக்குத் திரும்பிய 47 மாணவர்களிடம், தங்கள் இலக்குகள் என்ன, எது கடினமாக இருக்கும், எந்த ஆசிரியரின் துணை வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதை வைத்து அந்த ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போனது. கடிதம் போகாத குழுவில் 69 சதவீதம் பேர் அடுத்த செமஸ்டருக்குள் மறுபடி காவலுக்குப் போனார்கள், கடிதம் போன குழுவில் 29 சதவீதம். சிறிய ஆய்வுதான், மந்திரம் என்று நினைக்க வேண்டாம். செலவு ஒரு தாள்தானே. ஆசிரியரை அவன் தேர்ந்தெடுக்க வேண்டும், வார்த்தைகள் அவனுடையவையாக இருக்க வேண்டும், வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.

அவன் கறுப்பினத்தவன் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பேச முடியாது. 2017–18ஆம் கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் சுமார் 15 சதவீதம், பள்ளியிலிருந்து இடைநீக்கப்பட்டவர்களில் சுமார் 38 சதவீதம். 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் இரண்டு சிறு தவறுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். முதல் தவறில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது தவறு வந்ததும், கறுப்பினப் பெயர் கொண்டவன்மீது எரிச்சலும் "தொல்லைக்காரன்" என்ற முத்திரையும் ஏறின. நடைமுறையில் இதற்குப் பொருள்: முதல் உரசல் நடந்த அன்றே அதைப் பேசி முடித்துவிட வேண்டும், இரண்டாவதோடு சேர்ந்து கனக்க விடக் கூடாது. "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்பதற்காக இடைநீக்கம் செய்வதை 2024 ஜூலை முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை கலிஃபோர்னியா தடை செய்திருக்கிறது. அதனால் இப்போது பாட்டிக்கு அழைப்பு வேறு மாதிரி வரும்: "இன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிப் போங்களேன்." அவர் கேட்க வேண்டியது ஒன்றே: "இது இடைநீக்கமா? ஆம் என்றால் காகிதம் தாருங்கள். இல்லை என்றால் அவன் வகுப்பில் இருக்கட்டும்."

அவனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் வழக்கமாக ஓதும் மந்திரத்தை அவனிடம் ஓதாதீர்கள்: "இரண்டு பெட்டியோடு வந்தோம், படித்தோம், முன்னேறினோம், நீயும் படித்தால் எல்லாம் சரியாகிவிடும்." விசா வாங்கிக்கொண்டு வந்தவர்களின் கதையை அவனுடைய பாட்டி இருக்கும் கூடத்தில் சொல்வது, சொல்கிறவருக்கு மட்டுமே ஊக்கம் தரும். கேட்பவனுக்கு அது குற்றச்சாட்டு. சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போய் வழக்கமான மேசையில் உட்காருங்கள். "நல்லவேளை வந்துவிட்டாய், போன தடவை சாய்வுக் கோட்டில் நிறுத்தினோம்" என்பது போதும்.

கணக்கிலும் ஒரு எச்சரிக்கை. இயற்கணிதத்தில் திணறினால் கோளாறு பெரும்பாலும் பின்னத்திலும் எதிர்மறை எண்ணிலும் இருக்கும். அதைச் சரிசெய்ய நான்காம் வகுப்புப் பயிற்சித்தாளை எடுத்துப் போகாதீர்கள், ஓரத்தில் கரடிப் படம் போட்ட அந்தத் தாளைப் பார்த்த நிமிடமே அவன் புத்தகத்தை மூடிவிடுவான். மணிக்கு இவ்வளவு என்று வரும் சம்பளம், அதில் பிடித்தம், ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்று அதே பின்னத்தைக் கொண்டுவாருங்கள். முதல் வாரங்களில் 25 நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். உள்ளே இருந்த சிறு வகுப்பும் நகர்வதற்கு அனுமதி கேட்கும் பழக்கமும் போய், திடீரென்று முப்பத்தைந்து பேர் சத்தம். கழிப்பறைக்குப் போகக் கேட்காமல் எழுந்திருக்கலாம் என்பதே அவனுக்குச் சில நாள் உறைக்காது.

நீங்கள் தர முடியாதது ஒன்றும் இருக்கிறது. தன்னைப் போன்ற முகமுள்ள, தன் தெருவை அறிந்த ஆண்களின் துணை. ஓக்லண்ட் பள்ளி மாவட்டம் 2010இல் கறுப்பின ஆண் மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, கறுப்பின ஆண் ஆசிரியர்கள் நடத்தும் வகுப்பைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தது. அது இருந்த பள்ளிகளில் கறுப்பின மாணவர்களின் இடைநிற்றல் 43 சதவீதம் குறைந்ததாக 2019இல் ஓர் ஆய்வு கண்டது. அவன் சேரும் பள்ளியில் அப்படியொரு வகுப்பு இருக்கிறதா என்று கவுன்சலரிடம் கேட்டு, இருந்தால் மேலே சொன்ன அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்குங்கள். கிரெடிட் கணக்கில் எலெக்டிவ்தான், இருந்தாலும் அந்த ஒன்றுக்கு விதிவிலக்குத் தரலாம். நெருக்கடியான அட்டவணையாக இருந்தால் உடற்பயிற்சியைக் கோடைக்குத் தள்ளுங்கள்.

கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பாட்டி கவலைப்பட்டால் சொல்லுங்கள்: கலிஃபோர்னியாவில் சிறார் நீதிமன்றத் தீர்ப்பு குற்றத் தண்டனையாகக் கருதப்படுவதில்லை. ப்ரொபேஷனை ஒழுங்காக முடித்தால் பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றமே கோப்பை முத்திரையிடும். எந்த வழக்குகளில் அப்படி ஆகாது, எந்தப் படிவத்தில் என்ன பதில் எழுதலாம் என்பதை அவன் தரப்பில் வாதாடும் வழக்கறிஞரிடம் (பப்ளிக் டிஃபெண்டர்) கேட்க வேண்டும், உங்களிடமோ என்னிடமோ அல்ல.

திங்கட்கிழமை பாட்டியோடு போகும்போது கையில் இருக்க வேண்டியவை: நிரப்பிய அஃபிடவிட், முகவரிக்கு ஒரு பில், கவுன்ட்டி கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலின் நகல், 48645.5 என்று எழுதிய ஒரு துண்டுத் தாள். டிரான்ஸ்கிரிப்ட் இன்னும் வரவில்லை என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அது பின்னால் வந்து சேரும். காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் முகப்பில் தாமதமாக வந்த பிள்ளைகளின் வரிசை நிற்கும், யாருக்கும் நின்று கேட்க நேரம் இருக்காது.